ஒரு முறுக்கு கூடுதல்

அருப்புக்கோட்டை
மாசி 3, ஞாயிறு

அன்புள்ள ப்ரியாவுக்கு,

நான் நலம். அம்மா நலம். கடையும் நலம். நீ நலம் என்பது உன் வீடியோவிலேயே நன்றாகத் தெரிந்துவிட்டதால் தனியாகக் கேட்கவில்லை.

ஒரு மாதத்துக்குப் போன் வேண்டாம், சொல்ல ஏதாவது இருந்தால் எழுதி அனுப்புங்கள், எழுதும்போதாவது உங்களுக்குக் கோபம் ஆறும் என்று மெசேஜ் போட்டாய். சரி, எழுதுகிறேன். பில் எழுதுவதைத் தவிர வேறு எதற்கும் நான் பேனா பிடித்துப் பல வருஷம் ஆகிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கோபம் இதுவரை ஆறவில்லை. இன்னும் காகிதம் இருக்கிறது, பார்ப்போம்.

முதலில் அன்றைக்குப் பேசியது. 'பங்குனிப் பொங்கலுக்கு வரலேன்னா அப்புறம் வரவே வேணாம்' என்று நான் கத்தியது உண்மை. ஆனால் இந்த வருஷம் மண்டகப்படி நம் வீட்டு முறை என்பதும் உண்மை. அம்மன் வீதியுலா வந்து நம் கடை வாசலில் நிற்கும்போது புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நின்று மாலை வாங்குவதுதான் வழக்கம். பேங்கில் பதவி உயர்வு கொடுத்து உன்னை ராஞ்சிக்கு மாற்றியபோதே ஊர் வாய்க்கு அவல் கிடைத்தாயிற்று. இப்போது நான் மட்டும் தனியாக நின்று மாலையை வாங்கினால் கேட்கவே வேண்டாம். 'லீவு கெடைக்குமான்னு பாக்குறேன்' என்று நீ சொன்னாய். அதுகூடப் பரவாயில்லை. நீ அதைச் சொல்லும்போது பின்னால் கிடார் சத்தம் கேட்டது. அங்கேதான் எனக்கு ஏறியது.

இனி அந்த வீடியோ. உன் பேங்கில் பக்கத்து நாற்காலியில் இருக்கும் அந்த அனிர்பன், சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் நாலைந்து பேருக்குக் கிடார் சொல்லித்தருகிறார் என்று தையிலேயே சொன்னாய். பொழுது போகட்டும் என்று நானும் சும்மா இருந்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. நீ அனுப்பிய வீடியோவில் முகமே இல்லை. கிடாரின் கழுத்தும் உன் இடது கையும் மட்டும்தான். மூன்று விரலை வைத்து ஒரு முறை மீட்டினாய். இப்படிச் சேர்ந்து வரும் சத்தத்துக்கு மேஜர் என்று பேர் என்றாய். பிறகு பக்கத்திலிருந்து ஒரு கை வருகிறது. மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. அந்தக் கை உன் ஆள்காட்டி விரலைப் பிடித்து மெதுவாகத் தூக்கி விடுகிறது. நீ மறுபடி மீட்டுகிறாய். அவர் இந்தியில் ஏதோ சொல்கிறார். நீ சிரிக்கிறாய். வீடியோ முடிந்தது. அதற்குக் கீழே 'இதுதான் மைனர். ஒரே ஒரு விரல்தான் எடுத்தது. சத்தம் எப்படி மாறுது பாருங்க, எனக்கு அழுகையே வந்துருச்சு' என்று எழுதியிருக்கிறாய்.

சத்தம் எப்படி மாறியது என்று எனக்குத் தெரியாது. நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை பார்த்தேன் என்றும் கேட்காதே. கல்யாணமான புதிதில் நகவெட்டி எடுத்து உன் விரலுக்கு நகம் வெட்டி விட்டவன் நான். அந்த விரல் எனக்குத் தெரியும். அதை இன்னொருத்தன் தூக்கினால் என்ன செய்ய வேண்டும் என்றுதான் எனக்குத் தெரியவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், வயிறு எரிகிறது. அதை அப்படியே போனில் சொல்ல வாய் வராமல்தான் மண்டகப்படி, மாலை, ஊர் என்று கத்தினேன்.

சரி, அப்படி என்னதான் அதில் இருக்கிறது, ஒரு விரலை எடுத்தால் அழுகை வருகிற அளவுக்கு, என்று நானும் பார்த்துவிடுவதென்று இறங்கிவிட்டேன். மொபைல் கடை முத்துராஜிடம் ஒரு பழைய கிடார் தூசி படிந்து கிடந்தது. அவன் மச்சான் கல்லூரியில் வாசித்ததாம். தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்றாவது கம்பி மட்டும் இல்லை. மதுரைக்குப் போய் வாங்க வேண்டும் என்றான் முத்துராஜ். எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று தலைமுறையாகக் கம்பி விற்கிறவன், ஒரு முழக் கம்பிக்காக மதுரைக்கு பஸ் ஏறுவதா? முதலில் கட்டுக்கம்பியைப் போட்டேன். இழுத்ததும் இற்றுப்போனது. பிறகு மெல்லிய ஸ்டீல் கம்பி ஒன்று எடுத்து மாட்டினேன். அது கச்சிதமாக நின்றது.

சுருதி பார்க்க போனில் ஒரு ஆப் இருக்கிறது. அதில் முள் நடுவில் வந்து பச்சை விளக்கு எரியும் வரை திருகினேன். புதுக் கம்பி என்பதால் மூன்றாவதற்கு மட்டும் அதற்கு மேல் ஒரு முறுக்குக் கூடுதலாகக் கொடுத்தேன். இது எந்த ஆப்புக்கும் தெரியாத விஷயம். நரிக்குடி, திருச்சுழி பக்கத்திலிருந்து வேலிக்கு முள்கம்பி வாங்க வருகிற எல்லாரிடமும் நான் இதைத்தான் சொல்லி அனுப்புகிறேன். நம் ஊர் வெயிலுக்குப் புதுக் கம்பி தொய்யாமல் இருக்காது. தொய்ந்த பிறகு வருத்தப்படுவதைவிட முதலிலேயே கொஞ்சம் இழுத்துக் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆடு உள்ளே வந்துவிடும்.

மத்தியானத்தில் கடைக்கு ஈ காக்கை வராது. நம் வீட்டுச் சுவரை ஒட்டிய பின்பக்க குடோனில் பி.வி.சி. பைப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து பழகுகிறேன். விரல் நுனியெல்லாம் கன்றிப்போய்ச் சில்லறை எண்ண முடியவில்லை. ஆனாலும் ஈ மேஜரும் ஈ மைனரும் பிடித்துவிட்டேன். இதில் ஒரு வேடிக்கை. உன் மைனரை எப்படி வாசித்தாலும் எனக்குக் கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரித்தான் கேட்கிறது. ஜம்மென்று இருக்கிறது. மேஜர்தான் ஏதோ சொல்ல வந்து பாதியில் நிறுத்தியது போலத் தொங்குகிறது. இதைக் கேட்டா நீ அழுதாய்? நீயும் அந்தச் சிவப்புக் கயிறும் சேர்ந்து கேட்பது என் காதுக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை? சொல்லப்போனால் அந்தக் கையைவிட இதுதான் என்னை இப்போது அதிகம் வதைக்கிறது.

பதிவு செய்து உன் நம்பருக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு வார்த்தைகூட நான் பேசவில்லை, வாசிப்பு மட்டும்தான். எனவே நீ போட்ட சட்டத்தை மீறியதாகாது. கேட்டுவிட்டுச் சொல்.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உன் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். பங்குனிக்கு வந்துவிடு.

இப்படிக்கு,
உன் கணவன்
(மறந்திருந்தால் நினைவூட்டுவதற்காக எழுதுகிறேன்)
சௌந்தரபாண்டியன்


அருப்புக்கோட்டை
மாசி 17, ஞாயிறு

ப்ரியாவுக்கு,

உன் மெசேஜ் வந்தது. 'மூணாவது கம்பி அரைக் கட்டை ஏறியிருக்கு. இறக்குங்க.' அவ்வளவுதான். விரல் கன்றிய மனுஷன் எப்படி இருக்கிறான் என்றோ, வாசித்தது நன்றாக இருந்தது என்றோ ஒரு சொல் இல்லை. பேங்கில் கையெழுத்துச் சரியில்லை என்று செக்கைத் திருப்பி அனுப்புகிற மாதிரி அனுப்பியிருக்கிறாய்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் பதில் எழுது. அதைக் கண்டுபிடித்தது யார்? தையில் கிடார் பிடித்த உனக்கு மாசியில் அரைக் கட்டை தெரியுமா? அவர்தான் சொல்லியிருப்பார். அப்படியென்றால் நான் உனக்காக வாசித்து அனுப்பியதை நீ அவருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாய். இரண்டு பேரும் ஒரே போனுக்கு மேல் குனிந்து கேட்டிருக்கிறீர்கள். அவர் அந்தக் கயிறு கட்டிய கையை ஆட்டி இந்தியில் ஏதோ சொல்லியிருப்பார். நீ சிரித்திருப்பாய். இதையெல்லாம் நான் பார்க்கவில்லை என்று சொல்லாதே. கண்ணை மூடினால் உன் வீடியோவைவிடத் தெளிவாகத் தெரிகிறது.

கம்பியை நான் இறக்கவில்லை. இறக்கவும் மாட்டேன். எங்கேயோ ராஞ்சியில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் என் கடைக் கம்பியின் முறுக்குக்குத் தீர்ப்புச் சொல்ல, நான் இங்கே கை கட்டி நின்று கேட்க வேண்டுமா?

நீ அனுப்பிய பார்சலும் வந்தது. கிடார்க் கம்பி. உறையைப் பார்த்தாலே விலை கூடியது என்று தெரிகிறது. எந்தக் கடையில் எந்தக் கம்பி நல்லது என்று உனக்கு எப்படித் தெரியும்? அதுவும் அவர் பொறுக்கியதாகத்தான் இருக்கும். பிரிக்காமல் கல்லாவுக்கு மேல் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை அம்மா தூசி தட்டும்போது எடுத்து என்னவென்று கேட்டார்கள். மருமகள் அனுப்பிய பிரசாதம் என்று சொன்னேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்ப வைத்துவிட்டார்கள்.

ஊர்ச் செய்தி. நரிக்குடி மொக்கையனை உனக்கு நினைவிருக்கும். போன கார்த்திகையில் கடலைக் காட்டுக்கு வேலி போட நம்மிடம் முள்கம்பி வாங்கியவன். புதன்கிழமை கடைக்கு வந்து எல்லார் முன்னாலும், 'அண்ணாச்சி, நீங்க சொன்னீகன்னு ஒரு முறுக்குக் கூடவே முறுக்குனேன். இப்ப மூலைக் கல்லே சாஞ்சு போச்சு. ஆடு வராமப் பாக்கப் போயி வேலியே படுத்துக்கிருச்சு' என்று சத்தம் போட்டான். கல்லை ஆழமாக ஊன்றாதது உன் தப்பு என்று நானும் விடவில்லை. நல்ல வார்த்தைக்கு நல்ல வார்த்தை, சண்டைக்குச் சண்டை. கடைசியில் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அரைக் கிலோ ஆணி வாங்கிக்கொண்டுதான் போனான்.

இன்னொரு செய்தி. நானும் வகுப்புக்குப் போகிறேன். நீ மட்டும்தான் போகலாமா? முத்துராஜ் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் யுவராணி டீச்சர் என்று ஒருவர் கீபோர்டும் கிடாரும் சொல்லித்தருகிறார். பாலவனத்தத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறார். நம் வயதுதான் இருக்கும். வகுப்பில் மீசை வைத்தவன் நான் ஒருவன்தான், மற்றதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். வாசலில் என்னைப் பார்த்ததும், 'பிள்ளைய உள்ள அனுப்பிட்டு நீங்க கீழ வெயிட் பண்ணுங்க சார்' என்றார். நானேதான் பிள்ளை என்று சொன்னேன்.

இப்போது சொல்லப்போவதைக் கவனமாகப் படி. இன்று காலை வகுப்புக் கிடாரை என் மடியில் கொடுத்து ஈ மேஜர் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். பிறகு அவர் தன் கையாலேயே என் ஆள்காட்டி விரலைப் பிடித்துத் தூக்கினார். 'இப்ப மீட்டுங்க' என்றார். மீட்டினேன். ஆமாம், என் விரலை. அதுவும் சிரித்துக்கொண்டே. உனக்கு எப்படி இருக்கிறது? ஏதாவது செய்கிறதா இல்லையா? எழுது.

அங்கே அந்த மைனர் வேறு மாதிரிக் கேட்டது என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். கல்யாண வீடு இல்லை. கல்யாணம் முடிந்து பந்தல் பிரிக்கிற மாதிரி இருந்தது. அது அந்தக் கிடாரின் குணமாக இருக்கும்.

மண்டகப்படிக்கு நீ வராவிட்டால் மல்லாங்கிணற்றிலிருந்து தம்பி சங்கரும் அவன் பெண்டாட்டி தங்கச்செல்வியும் வந்து நிற்கட்டும் என்கிறார்கள் அம்மா. 'ஒத்தையில நின்னு ஊருக்கு வேடிக்கை காட்டாத' என்கிறார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். மூத்தவன் நான் இருக்க அவன் எதற்கு நிற்க வேண்டும்? நீ வர வேண்டும். அவ்வளவுதான்.

இப்படிக்கு,
கம்பிக்கடை
சௌந்தரபாண்டியன்


அருப்புக்கோட்டை
பங்குனி 1, ஞாயிறு

என் ப்ரியாவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் கொண்டுவந்தபோது கடையில் லோடு இறங்கிக்கொண்டிருந்தது. சிமெண்டு மூட்டையை எண்ணாமல் விட்டுவிட்டுக் குடோனுக்குள் போய்ப் படித்தேன்.

யுவராணி டீச்சரைப் பற்றி நான் எழுதியதற்கு நீ என்ன பதில் எழுதுவாய் என்று பல விதமாக நினைத்து வைத்திருந்தேன். நீ எழுதியது, 'நல்ல டீச்சரா தெரியுது. விடாமப் போங்க' என்று ஒரு வரி. ஒரு சின்ன முணுமுணுப்புக்கூட இல்லை. இவளுக்குப் பொறாமைகூட வரவில்லையே என்று அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது. மனுஷன் ஒரு தடவை எரிய ஆரம்பித்தால் எதைப் போட்டாலும் எரிகிறது.

அதற்கு அடுத்த பத்தியைத்தான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன். 'கம்பி ஏறியிருக்குன்னு கண்டுபிடிச்சது நான். அந்த வாரம் அனிர்பன் ஊர்லயே இல்ல, தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிட்டாரு. கம்பி வாங்கினதும் நான்தான், கடைக்காரர்கிட்ட நானே கேட்டு வாங்கினேன். எனக்கு ஒண்ணு தெரிஞ்சிருந்தா அதுக்குப் பின்னாடி ஒரு ஆம்பளை நின்னே ஆகணுமா?' என்று எழுதியிருக்கிறாய். மூட்டை இறக்குகிறவர்கள் வந்து கூப்பிட்டும் எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. அந்த வீடியோவில் நான் ஒரு கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேனே, அதே திரையில் உன் கையும் இருந்தது. மூன்று விரலும் அதனதன் இடத்தில் நின்றன. அதை நான் பார்க்கவில்லை.

அதையும்விட, என் வாசிப்பை பஸ்ஸில் இயர்போன் போட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டதாக எழுதியிருக்கிறாய். கிடாருக்காக இல்லை, பின்னால் அம்மா 'ஏய், சோறு ஆறுது, வாடா' என்று கூப்பிட்டதும், மதுரை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனதும் அதில் விழுந்திருந்தது, அதற்காக என்று எழுதியிருக்கிறாய். அது விழுந்திருந்தது எனக்கே தெரியாது. அப்போதுதான் மூன்றாவது கம்பி காதை உறுத்தியது, வீட்டுச் சத்தத்தைச் சரியாகக் கேட்க விடவில்லை என்கிறாய்.

வெள்ளிக்கிழமை கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வீட்டுக்குக் கிடாரைக் கொண்டுபோனேன். ஆப்பைப் பார்க்கவில்லை. யுவராணி டீச்சர் சொல்லித்தந்தபடி நாலாவது கம்பியை ஐந்தாவது கட்டத்தில் அழுத்தி, அந்தச் சத்தமும் மூன்றாவது கம்பியின் சத்தமும் ஒன்றாகக் கரையும் வரை திருகாணியைத் தளர்த்தினேன். நான் கொடுத்த கூடுதல் முறுக்கு அத்தனையும் திரும்பி வந்தது. ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கம்பி இத்தனை நாளும் தொய்யவே இல்லை. நான்தான் தொய்யும் தொய்யும் என்று இழுத்து வைத்திருந்தேன். மொக்கையனுக்கு இன்னொரு டீ கடன்பட்டிருக்கிறேன்.

பிறகு மேஜர் வாசித்தேன். விரலை எடுத்துவிட்டு மைனர் வாசித்தேன். அம்மா பூஜை அறையிலிருந்து கையில் தீப்பெட்டியோடு வேகமாக வந்தார்கள். 'ஏண்டா, யாரு வீட்டுல எழவு விழுந்துச்சு? வெள்ளிக்கெழமையும் அதுவுமா வெளக்கு வைக்கிற நேரத்துல ஒப்பாரி வைக்கிறவன்!' என்று வைதார்கள். ப்ரியா, அந்தத் திட்டைக் கேட்டு நான் அடைந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவேன்! அப்போதுதான் மைனர் சரியாக வந்துவிட்டது என்று தெரிந்தது. இத்தனை நாள் இதையே வாசித்தும் அம்மா வாயைத் திறந்ததில்லையே.

நான் சிரித்ததைப் பார்த்து அவர்களுக்கு இன்னும் கோபம். கிடாரைக் கீழே வைத்தேன். விளக்கு ஏற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, 'சரி, வெளக்கு வச்சாச்சு, இப்ப இன்னொருக்க அத வாசி' என்றார்கள். வாசித்தேன். 'அந்தப் பிள்ள அங்க தனியாத்தானடா பொங்கித் திங்குது' என்றார்கள்.

மைனர் என்பது தனியாக ஒரு சோகம் இல்லை என்று டீச்சர் சொன்னார். மேஜரில் மூன்று சுரம் இருக்கிறது. மைனரிலும் மூன்று. கீழே இருப்பதும் மேலே இருப்பதும் நகரவே இல்லை. நடுவில் இருக்கும் ஒன்று மட்டும், அந்த மூன்றாவது கம்பியில் இருப்பது, விரலை எடுத்ததும் அரைக் கட்டை இறங்குகிறது. 'அதனால முதல்ல மேஜரைக் கேட்டுட்டு அப்புறம் இதைக் கேளுங்க சார், அப்பத்தான் என்ன போச்சுன்னு தெரியும்' என்றார். வகுப்பில் இருந்தபோது அதை வாய்ப்பாடு மாதிரித்தான் கேட்டேன். வெள்ளிக்கிழமை இராச்சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அடுப்படியில் உன் சம்புடங்கள் வரிசையாக இருக்கின்றன. கொடியில் உன் மஞ்சள் துண்டு தொங்குகிறது. அம்மா இருக்கிறார்கள், நான் இருக்கிறேன். எல்லாம் வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது. ஒரு விரலை மட்டும் எடுத்தாற்போல் இருக்கிறது. எனக்கு அப்போது அழுகை வந்தது. அம்மா பார்க்கக் கூடாது என்று ரசத்தில் மிளகு கூடிவிட்டது என்று சொன்னேன்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் சாமி கண்ணைக் குத்தும். போகவில்லை. உன் விரலை ஒருவர் தொட்டுத் தூக்கியதை நினைத்தால் இப்போதும் சுருக்கென்றுதான் இருக்கிறது. தொடாமல் சொல்லித்தர முடியாது என்று என் விரலுக்குத் தெரிந்துவிட்டது, மனசுக்குத்தான் இன்னும் தெரியவில்லை. இப்போது புதிதாக வேறொரு பொறாமையும் சேர்ந்திருக்கிறது. அது உன் மேலேயே. அவ்வளவு தூரத்தில், தெரியாத பாஷை பேசுகிற ஊரில், ஒரு அரைக் கட்டையைத் தானாகக் கேட்டுப் பிடிக்கிற காது உனக்கு எப்போது வந்தது? நான் இல்லாமல் நீ வளர்ந்துகொண்டிருக்கிறாய். அது எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, பொறுக்கவும் முடியவில்லை. இரண்டையும் எழுதிவிட்டேன், எது உனக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்.

பங்குனிக்கு வருகிறாயா இல்லையா என்பதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். வராவிட்டால் வரவே வேண்டாம் என்று சொன்னவனுக்கு வருகிறேன் என்று எப்படி எழுதுவாய்? வரவில்லை என்றுதான் எப்படி எழுதுவாய்? பூட்டைப் போட்டுச் சாவியை நான்தான் கிணற்றில் எறிந்தேன். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ எப்போது வந்தாலும் இது உன் வீடு. கிளை மேனேஜர் லீவு தந்த பிறகு வந்தாலும் சரி, மாறுதல் கிடைத்த பிறகு வந்தாலும் சரி.

மண்டகப்படிக்குச் சங்கரும் தங்கச்செல்வியும் நிற்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஊர் இரண்டு நாள் பேசும், பிறகு வேறு ஆளைப் பிடித்துக்கொள்ளும். வருகிற செவ்வாய் விட்டு அடுத்த செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டு. வழக்கம் உனக்குத் தெரியும், மண்டகப்படிக்காரன் கையில் காப்பு ஏறிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. சங்கர் கட்டிக்கொள்கிறான். நான் கட்டிக்கொள்ளப் போவதில்லை. பொங்கல் நேரத்தில் கடையை விட்டுவிட்டு எங்கே போகப்போகிறாய் என்று அம்மா கேட்கவில்லை. நேற்று எனக்காக முறுக்கும் பொரிவிளங்காயும் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். அவ்வளவையும் நான் ஒருவன் தின்ன முடியாது.

மதுரை போய், சென்னை போய், அங்கிருந்து ராஞ்சிக்கு ரயில். டிக்கெட் கிடைக்கிறது. ஆனால் இன்னும் எடுக்கவில்லை. முதல் இரண்டு கடிதத்திலும் வா, வா என்று இழுத்தேன். கேட்காமல் திடீரென்று வந்து உன் வாசலில் நின்றால் அதுவும் இழுப்பதுதான். அதனால் கேட்கிறேன்.

வந்தால் சனிக்கிழமை வகுப்பில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். நீ வாசிப்பதைக் கேட்பேன், இந்தத் தடவை காதால். நீ அனுப்பிய கம்பியை உறை பிரிக்காமலே கொண்டுவருகிறேன், நீயே மாட்டிக் கொடு. என் கடைக் கம்பியை வேலிக்கு வைத்துக்கொள்கிறேன். அனிர்பன் சாருக்கு என் வணக்கத்தைச் சொல். தங்கை கல்யாணம் நல்லபடியாக நடந்ததா என்று நான் விசாரித்ததாகவும் சொல்.

நீ சொன்ன ஒரு மாதம் முடிந்துவிட்டது. போன் அடித்தாலும் சரி, மெசேஜ் போட்டாலும் சரி, காப்புக் கட்டுக்கு முன்னால் ஒரு வார்த்தை போதும். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று தோன்றினால் அதையும் தயங்காமல் சொல். டிக்கெட்டைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம், கம்பியும் பிள்ளையாருக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும்.

அம்மன் உன்னைக் காப்பாற்றட்டும். முதல் கடிதத்தில் கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிறேன்.

நீ நலமா, ப்ரியா? நான் வரட்டுமா?

உன்,
சௌந்தர்